கொடுமுடி ஆத்தா

கொடுமுடிப் பக்கத்து ஆத்தாவுக்கு 60 வயதுக்கு மேல். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. 3 மாதம் மறைத்திருக்கிறார். "மகனிடம் இதை எப்படிச் சொல்வது கண்ணு?" என்று என் கையைப் பிடித்தார். நகக்கண்ணெல்லாம் மஞ்சள் காட்டுக் கறை.

எம்.பி.பி.எஸ்., அதன்பின் மகப்பேறு மருத்துவத்தில் 3 ஆண்டு, பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சையில் இன்னும் 3 ஆண்டு படித்தேன். கருப்பைத் தமனிக்கு அடியில் சிறுநீர்க்குழாய் ஓடுமிடத்தில் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கத்தி வைக்கிறேன். ஆனாலும் இந்தக் கூச்சத்தைவிடக் கடினமானதை நான் அறுவை அரங்கில் பார்த்ததில்லை. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; உடனே வந்துவிடுங்கள், தாயே!

மகனிடம் நானே சொன்னேன். அம்மாவின் செருப்பைக் கையில் வைத்தபடி அழுதார். நாளைக் காலையில் முதல் அறுவை சிகிச்சை ஆத்தாவுக்குத்தான்.