காலை எனக்கு, மதியத்துக்கு மேல் அவளுக்கு: மகளோடு டோக்கியோ

அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள்), மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதைகள்) சாமான் விற்கும் கடைகள் டோக்கியோவில் சீக்கிரம் திறப்பதில்லை. பெரும்பாலும் 10, 11 மணி ஆகிவிடும். நகானோ பக்கம் பல கடைகளுக்கு 12. பத்தாவது பரீட்சை முடித்த மகளோடு போன எங்கள் பயணத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தது இந்த நேரக்கணக்குதான். அவள் பட்டியலில் கோயில் ஒன்றுகூடக் கிடையாது, என் பட்டியலில் கடை ஒன்றுகூடக் கிடையாது. காலை எனக்கு, மதியத்துக்கு மேல் உனக்கு என்று பேசி முடித்தோம். “சரிம்மா, ஆனா காலைல என்னை எழுப்பக் கூடாது” என்றாள். எழுப்பத்தான் செய்தேன்.

கோடை விடுமுறையில் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியையும் மே முதல் வாரத்தையும் விட்டுவிடுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே அரசு விடுமுறைகள் நெருக்கமாக வரும். கோல்டன் வீக் என்பார்கள். ஊரே கிளம்பிவிடும், அறை வாடகையும் ஏறிவிடும். நாங்கள் மே நடுவில் போனோம். உஎனோவில் அறை எடுத்தோம், யமனோதே ரயிலுக்காக. 30 ஸ்டேஷன்களை வட்டமடிக்கும் அந்த ஒரே தடத்தில் அகிஹபாரா, இகேபுகுரோ, ஹராஜுகு, ஷிபுயா எல்லாமே வந்துவிடுகின்றன. உஎனோவிலிருந்து அகிஹபாரா இரண்டாவது ஸ்டேஷன்.

முன்கூட்டியே பிடிக்க வேண்டியது, மித்தகாவில் கிப்லி என்ற அனிமே பட நிறுவனத்துக்கு உள்ள அருங்காட்சியகத்தின் டிக்கெட். வாசலில் போய் வாங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாத டிக்கெட் ஆன்லைனில் வரும். நமக்கு அது காலை 6.30. தட்கல் எடுத்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. பெரியவர்களுக்கு 1,000 யென், 13 முதல் 18 வயது வரை 700. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. மகள் செல்போனைத் தொடாமல் அவ்வளவு நேரம் ஒன்றைப் பார்த்து நான் கண்டதில்லை. உள்ளே போகும்போது ஒரு துண்டு படச்சுருளைத் தருகிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மூன்று காட்சிகள் தெரியும். எந்தப் படம், எந்த இடம் என்று அவள் உடனே சொல்லிவிட்டாள். எனக்குப் புல்வெளி மட்டும் தெரிந்தது.

காலை முதல் நேரத்துக்கே டிக்கெட் எடுத்தால், முடித்துவிட்டு, மித்தகாவுக்குப் போன அதே சூவோ ரயில் தடத்தில் திரும்பி வரும் வழியில் நகானோவில் இறங்கலாம். கடைகள் அப்போதுதான் திறந்திருக்கும். நகானோ பிராட்வே 1966இல் கட்டிய வணிக வளாகம். 1980இல் இங்கே தொடங்கிய மந்தராகே என்ற பழைய மாங்காக் கடை, இன்று அதே கட்டடத்தில் பல கடைகளாகப் பரவிக் கிடக்கிறது. பொம்மைப் பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் அதையும் சீட்டில் எழுதி ஒட்டி, விலையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். மகளுக்கு நசுங்கிய பெட்டிகளே போதும் என்றாகிவிட்டது, எனக்கும் நிம்மதி.

இகேபுகுரோவில் அனிமேட் கடையின் தலைமைக் கிளை இருக்கிறது. அங்கே விற்கும் பேட்ஜ்களில் பாதிக்கு, பாக்கெட்டைப் பிரித்தால்தான் உள்ளே இருக்கும் கதாபாத்திரம் யார் என்று தெரியும். வேண்டாத ஆள் வந்தால்? பக்கத்துப் பூங்காவுக்குப் போக வேண்டியதுதான். பெண்பிள்ளைகள் திட்டில் வரிசையாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறை போட்ட பேட்ஜ்களை மடியில் பரப்பி, வேண்டியவற்றின் பட்டியலைச் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆளும் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பக்கமும் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, குனிந்து வணக்கம் சொல்லி மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெண் கூடவே ஒரு சாக்லேட் கொடுக்க, இவள் பையிலிருந்து கோவில்பட்டி கடலைமிட்டாயை எடுத்து நீட்டினாள். பள்ளியில் யாரோடும் பேசமாட்டேன் என்கிற பிள்ளை.

அகிஹபாராவைப் பற்றி ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சில கடைகளில் குறிப்பிட்ட தளங்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். மாடி ஏறும் முன் பலகையைப் பாருங்கள். பிள்ளையிடமும் முன்பே பேசிவிடுங்கள், லிப்டில் தர்மசங்கடப்பட வேண்டாம். நடக்கும் தூரத்திலேயே கண்டா மியோஜின் என்ற பழைய ஆலயம் இருக்கிறது. வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளில் ரசிகர்கள் அனிமே முகங்களை அவ்வளவு அழகாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பழுதாகாமல் காக்க ஒரு தாயத்துகூட விற்கிறார்கள். ஐடி வேலை பார்க்கும் என் கணவருக்கு வாங்கினேன். என் நேரம் முடிந்தும் அங்கிருந்து கிளம்ப மறுத்தது அவள்தான்.

சைவக்காரர்களுக்குச் சாப்பாடு சிரமம். காய்கறிக் குழம்பு என்றாலும் மீன் சாறு இருக்கும். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் தன்தன் என்ற கடையில் முழுச் சைவ ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) கிடைக்கும். செலவுக்கு அன்றன்றைக்குரிய யென்னைக் காலையிலேயே கையில் கொடுத்துவிட்டேன். காசு போட்டுத் திருகினால் உருண்டையில் பொம்மை விழும் கச்சா இயந்திரங்கள் பெரும்பாலும் 100 யென் நாணயம்தான் விழுங்கும், அதில் கணக்கு வைத்துக்கொள்வது கஷ்டம். பெட்டியில் போகும்போதே பாதி இடம் காலியாக இருக்கட்டும். பொம்மைகளை அட்டைப் பெட்டியோடு, சுற்றிலும் துணி திணித்து அடுக்கினால் நசுங்காது. என் புடவைகள் கைப்பையில் வந்தன.