குதிகாலைக் கிள்ளிப் பார்த்த டாக்டர்

அண்ணன் கடைசி ஒன்றரை வருடம் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்கினார். நேராகப் படுத்தால் மூச்சு முட்டும். 41 வயதில் மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார் என்று பழநிக்குப் போய் மொட்டை போட்டு வந்தோம். ஆனால் அடைப்பை எடுப்பதற்குள் இதயத் தசையில் பெரும்பகுதி செத்துப்போயிருந்தது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 25 சதவீதம் என்று எக்கோவில் எழுதியிருந்ததை ஏதோ பரீட்சை மார்க் மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த தடவை கூடிவிடும் என்று நம்பினோம். சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. 2022 பங்குனியில் போய்விட்டார்.

அப்பாரு (அப்பாவின் அப்பா) 46 வயதில் வரப்பிலேயே விழுந்தவர். அப்பா 52. எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. அப்பாருக்குச் சுருட்டு, அப்பாவுக்குப் பங்காளித் தகராறு, அண்ணனுக்கு பிராய்லர் கோழி. மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இத்தனைக்கும் என் பீரோவில் 2016-ல் எடுத்த ரிப்போர்ட் ஒன்று கிடந்தது. எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 238. அப்போது பார்த்த மருத்துவர் (பெயர் வேண்டாம்) என்னை மேலும் கீழும் பார்த்தார். 49 கிலோ. “ஒல்லியாத்தான் இருக்கீங்க, தேங்காயையும் முட்டை மஞ்சள் கருவையும் விட்டுடுங்க, போதும்” என்றார். விட்டேன். கோயமுத்தூரில் பிறந்துவிட்டுத் தேங்காய் இல்லாமல் ஆறு வருடம் குழம்பு வைப்பது என்ன தண்டனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு வருடம் கழித்து 262. கண் இமை ஓரத்தில் மஞ்சளாகப் படை மாதிரி வந்தது. பார்லரில் ஒரு பெண் “லேசர்ல எடுத்துடலாங்க்கா” என்றாள்.

அண்ணன் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அண்ணிதான் பிடிவாதமாக என்னை ஒரு இதய மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், இமையைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் திரும்பி முட்டி போடச் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல், டாக்டர் அறையில், புடவையோடு முட்டி போடுவது எப்படி இருக்கும்! குதிகாலுக்கு மேலே இருக்கும் அந்தத் தடித்த தசைநாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கிள்ளிப் பார்த்தார். “அண்ணனுக்கும் இப்படித்தான் தடிமனா இருந்துச்சா?” என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். ஷூ போட்டால் பின்பக்கம் அறுக்கிறது என்று அண்ணன் கல்யாண காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பரம்பரையாக வரும் அதிகக் கொழுப்பு. இமையிலும் குதிகால் தசைநாரிலும் படிந்திருந்தது அதுதான். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம். கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்யும் ஜீனின் இரண்டு பிரதிகளில் எனக்கு ஒன்று பழுது. குப்பை அள்ளப் பத்து வண்டி வேண்டிய ஊரில் ஐந்து வண்டிதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளிலிருந்தே தேங்கிக்கொண்டு வருகிறது. தேங்காய் பாவம், அதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை.

மரபணுப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம்தான் எடுத்தார்கள். பதினேழாயிரம் ரூபாய். நான்கு வாரம் என்றார்கள், ஆறு ஆனது. முடிவு வந்ததும் ஒரு பெண் ஆலோசகர் காகிதத்தில் எங்கள் வம்சத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே கோடு. கோடு விழுந்த கட்டங்கள் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு என்று சொல்லிக்கொண்டே அவருடைய பேனா கீழே இருந்த சின்ன வட்டத்துக்கு வந்தது. அது என் மகள், அப்போது 11 வயது.

ரோசுவாஸ்டாட்டின், எசெட்டிமைப் இரண்டு மாத்திரையும் சேர்ந்து 262-ஐ 124-க்குக் கொண்டுவந்தன. நல்ல இறக்கம்தான். ஆனால் சி.டி. ஆஞ்சியோவில் இடதுபக்க ரத்தக்குழாயில் ஏற்கெனவே படிவு தெரிந்தது. 70-க்குக் கீழே வந்தாக வேண்டும் என்றார் டாக்டர். 2024-ல் அவர் சொன்னதுதான் இன்க்ளிசிரான் ஊசி. முதல் ஊசி, மூன்று மாதத்தில் அடுத்தது, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

வீட்டுக்காரர் அதற்குள் ஃபோனில் எல்லாவற்றையும் படித்துவிட்டார். “ஒரே ஊசியில ஜீனையே மாத்திடறாங்களாமே, நியூசிலாந்துல போட்டிருக்காங்களாம், நாம எதுக்கு வருசத்துக்கு ரெண்டு போடணும்?” என்று டாக்டரிடமே கேட்டார். அவர் பொறுமையாக விளக்கினார். கல்லீரலில் பி.சி.எஸ்.கே.9 என்று ஒரு புரதம், இருக்கிற வண்டிகளையும் உடைத்துப்போடும் வேலை அதற்கு. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி ஜீன் சீட்டு எழுதி அனுப்புகிறது. இன்க்ளிசிரான் அந்தச் சீட்டைக் கிழிக்கிறது. சீட்டு எழுதுகிற ஜீன் அப்படியே இருப்பதால் ஆறு மாதத்தில் மறுபடி கிழிக்க வேண்டும். வீட்டுக்காரர் சொன்னது வேறு. அங்கே சீட்டு எழுதும் புத்தகத்திலேயே ஒரு எழுத்தை மாற்றிவிடுகிறார்கள்.

அந்த முயற்சியைத் தொடங்கியவர் சேகர் கதிரேசன் என்ற அமெரிக்க இதய மருத்துவர். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடன் பிறந்தவரும் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மாரடைப்பில் போனவராம். 2022-ல் நியூசிலாந்தில் முதல் ஆளுக்கு மருந்து ஏற்றினார்கள், கொழுப்பும் நன்றாக இறங்கியது. ஆனால் ஒருவருக்குக் கல்லீரல் நொதி ஏறியது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. 2024 ஏப்ரலில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, மருந்தைச் சுமந்து போகும் கொழுப்பு உறையை மாற்றி அடுத்த வடிவத்துக்குப் போய்விட்டார்கள். 2025-ல் வந்த அதன் முதல் முடிவில், அதிக டோஸ் வாங்கியவர்களுக்குச் சராசரியாக 53 சதவீதம் குறைந்திருந்தது. சில பேர்தான், ஆனால் நிஜம்.

“புத்தகத்தில் எழுதினதை அழிக்க முடியாதுங்க. கிழிச்ச சீட்டுன்னா ஒத்துக்கலைன்னா அடுத்த ஊசியை விட்டுடலாம்” என்றார் டாக்டர். இன்னொன்றையும் மறைக்கவில்லை. இன்க்ளிசிரான் எல்.டி.எல்.லைப் பாதியாக்கும் என்பது உறுதி, அதனால் மாரடைப்பு எத்தனை குறையும் என்று பார்க்கும் பெரிய ஆய்வு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். அதைச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. 1992-ல் அமெரிக்காவில் இதே நோய் முற்றிய வடிவில் இருந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, அந்தச் செல்களில் நல்ல ஜீனை ஏற்றி, திருப்பி உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அவளுக்கு முன்னால் என் பயமெல்லாம் எந்த மூலைக்கு?

பணம்தான் பெரிய மலை. ஒரு ஊசி ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. முதல் வருடம் மூன்று ஊசி. இன்ஷூரன்ஸில் கேட்டால், ஒரு நாளாவது அட்மிட் ஆனால்தான் கொடுப்போம் என்றார்கள். மாரடைப்பு வந்து படுத்தால் ஐந்து லட்சம் கொடுப்பார்களாம், வராமல் தடுக்க ஒரு ரூபாய் கிடையாதாம். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்பவள். இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் நேராகும் என்று இன்றுவரை புரியவில்லை. மகளுக்காகக் கட்டிவந்த நகைச் சீட்டை எடுத்தேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் வளையல் இரண்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “வெச்சுக்க கண்ணு” என்று உள்ளே போய்விட்டார்.

முதல் ஊசி அன்று, தடுப்பூசிக்குக் கொண்டுபோவது போல ஐஸ் டப்பா எடுத்துக்கொண்டு போனேன். நர்ஸம்மா சிரித்துவிட்டார். இதை ஃப்ரிட்ஜில்கூட வைக்க வேண்டாமாம். தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, தோலை மடித்துப் பிடித்து ஒன்றரை மில்லி. வலி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் காந்தல். இரண்டு நாள் அந்த இடம் சிவந்திருந்தது. அவ்வளவுதான். மாத்திரைகளும் கூடவே தொடர்கின்றன, ஊசி போட்டாயிற்றே என்று நிறுத்தக்கூடாது. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்: 61. ஆபீஸ் படிக்கட்டில் நின்று மறுபடி மறுபடி பார்த்தேன்.

ஊசியைவிட உறவைச் சமாளித்ததுதான் பாடு. அண்ணன் மகனுக்குப் பார்த்ததில் பழுது இல்லை. அண்ணி ஈச்சனாரியில் நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தார். (அந்தச் சில்லை நான் சட்னி அரைத்துச் சாப்பிட்டேன், ஆறு வருடப் பாக்கி.) அத்தை மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. “பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கற நேரத்துல ரத்தத்துல கோளாறுன்னு காகிதம் வாங்கி வெச்சுக்கச் சொல்றியா?” என்றார். ஜீன் பரிசோதனை கட்டாயமில்லை, சாதாரணக் கொழுப்புப் பரிசோதனை மட்டும் பாருங்க அத்தை, சில நூறு ரூபாய்தான் என்றேன். இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் மகளின் இமையை நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன். அது அவளுக்கும் தெரியும்.

என் மகளுக்கு எல்.டி.எல். 171. எங்கள் ஜீன் அவளிடமும் இருக்கிறது. நான் போட்டுக்கொள்ளும் ஊசி என் சீட்டைத்தான் கிழிக்கும், அவளுக்குப் போனது போனதுதான். அவளுக்குச் சின்ன டோஸ் ஸ்டாட்டின் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வயதிலேயே பிடித்தால் நிறைய வருடம் கையில் இருக்கிறது என்றார் டாக்டர். ராத்திரி பல் விளக்கிவிட்டு அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சோபாவில் திடீரென்று திரும்பி முட்டி போட்டு, இரண்டு பாதத்தையும் என் பக்கம் நீட்டினாள்.

“பாரும்மா, இன்னும் மெலிசாத்தானே இருக்கு?”

கிள்ளிப் பார்த்தேன். மெலிசாகத்தான் இருந்தது.