நாடா வட்டமாக இருந்தவரை விடை கிடைத்தது

போயாவோடு சேர்ந்து வந்த நீண்ட விடுமுறையில், வெள்ளவத்தை வீட்டில் இருந்தபடி பைத்தன் நிரல்மொழியில் ஒரு டியூரிங் இயந்திரம் எழுதினேன். அது ஒரு கற்பனைக் கணினி: கட்டங்களுள்ள நாடாவில் ஒரு தலை, அப்போதைய 'நிலை'க்குரிய விதிப்படி, ஒவ்வொரு அடியிலும் (step) ஒரு கட்டத்தைப் படித்து, எழுதி, பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். கொடுத்த இயந்திரம் எப்போதாவது நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று என் நிரல் சொல்ல வேண்டும் என்பதே ஆசை.

முதலில் நாடாவை 8 கட்டங்களுள்ள வட்டமாக வைத்தேன். 3 நிலைகள், தலை நிற்கக்கூடிய 8 இடங்கள், 0, 1 நிரம்பும் 256 விதங்கள்: பெருக்கினால் 6144 வெவ்வேறு நிலைமைகள். அத்தனை அடிக்குள் நிற்காவிட்டால் பழைய நிலைமை ஒன்று திரும்பியிருக்கும், பிறகு அதே சுற்றுத்தான். நினைவகத்துக்கு எல்லை இருந்தால் விடை நிச்சயம்.

ஆனாலும் முதல் நாள் என் நிரல் பிழை விட்டது. 14 அடியில் ஆறு 1களை எழுதி நிற்கும் பிரபல இயந்திரத்தை, 7ஆம் அடியிலேயே "நிற்காது" என்றது. தலை இருக்கும் இடத்தை ஒப்பிட மறந்திருந்தேன். அந்த அடியில் நாடாவும் நிலையும் மாறவில்லை, தலை மட்டும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. அதைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம் வட்டத்தை வெட்டி, நாடாவை முடிவில்லாமல் விட்டேன். "0 என்றால் 1 எழுதி வலப்பக்கம் போ" என்ற ஒரேயொரு விதி. ஒவ்வொரு அடியும் புது நிலைமை, எதுவும் திரும்பாது. நிரல் அரை மணி நேரம் பேசாமல் ஓடியது. தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நிக்காதெண்டு பார்த்தாலே தெரியுதே!" என்றாள்.

அவள் பார்த்ததையே விதியாக்கினேன்: ஒரே கோலம் இடம் மட்டும் பெயர்ந்து வந்தால் நிற்காது. நிறைய இயந்திரங்கள் அதில் அகப்பட்டன. எத்தனை விதி சேர்த்தாலும் எல்லாவற்றுக்கும் போதாது என்று 1936இலேயே இந்த இயந்திரத்தைக் கற்பனை செய்த கணிதவியலாளர் ஆலன் டியூரிங் நிரூபித்துவிட்டார். இரண்டு குறிகளோடு வெற்று நாடாவில் தொடங்கி நிற்பவற்றில் மிக நீண்ட ஓட்டம் 3 நிலைக்கு 21 அடி, 4 நிலைக்கு 107. 5 நிலைக்கு 47,176,870. அது உறுதியானது 2024இல்தான்.

முதல் அடிக்கு அரை நிமிடம், அடுத்ததற்குக் கால் நிமிடம் என விரையும் கற்பனை இயந்திரம் ஒரு நிமிடத்தில் முடிவிலா அடிகளை முடித்துவிடும். டியூரிங் இயந்திரம் நிற்குமா என்பதற்கு அது விடை சொல்லும். தன் வகை இயந்திரங்களைப் பற்றிக் கேட்டால் அதே சிக்கல் அதற்கும் வரும். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

4 நிலையில் 107 அடி தாண்டியவை நிற்காதவை. அவற்றில் எத்தனையை என் விதிகளே பிடிக்கின்றன என்று இனிப் பார்க்க வேண்டும்.