கையில் போடுகிற காப்பா?

2023 செப்டம்பரில் இலங்கையில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம், அதாவது இணையப் பாதுகாப்புக்கான சட்ட வரைவு, வர்த்தமானியில் வந்தது. அடுத்த மாதமே மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு மாதர் சங்கக் கட்டடத்தில் அதைப் பற்றிப் பயிற்சி வைத்தோம். திட்ட அறிக்கையில் இதற்குப் பெயர் 'சிவில் சமூகத்தின் இயலளவு விருத்தி'. பதாகையைக் கட்டி முடிக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "காப்பெண்டா கையில போடுற காப்பா, மகள்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. சட்டமூலத்தைத் தமிழில் போட்டாயிற்று என்று கொழும்பில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்தத் தமிழ், படுவான்கரைக்கு வருகிற வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வருவதில்லை. இணையத்தில் எது பொய்க் கூற்று என்று ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்கப் போகிறது என்பதை அன்று பின்னேரம் வரை ஸ்லைட் போட்டு விளக்கினேன். தலையாட்டினார்கள், சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு போனார்கள். சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. 2024 ஜனவரி 24இல் சட்டம் நிறைவேறியது.

அடுத்த முறை ப்ரொஜெக்டரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். "உங்களுக்குப் போன் பாவிக்கிறதில என்ன கரைச்சல்?" என்று மட்டும் கேட்டேன். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவர் பற்றரியும் இறங்கிவிடும், சிக்னலும் போய்விடும் என்றார்கள். வெள்ளாமை விளைகிற காலத்தில் ஆண்கள் இரவுக் காவலுக்கு வட்டைக்கு (வயல்வெளிக்கு) போவார்கள். யானை இறங்கினால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், ஊரை எழுப்ப வேண்டும். அப்படியான இரவுகளில் கையிலிருக்கும் போன் வெறும் டோர்ச்தான்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 4ஆம் பிரிவை அப்போதுதான் எடுத்தேன். நம்பகமான சேவை வேண்டும் என்கிறது அது. அவசர சேவைகளையும் கிராமியச் சேவைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வாசித்துக் காட்டியதும், "அப்ப நாங்க இதுக்குள்ள இருக்கிறமா?" என்று முன்வரிசையில் ஒருத்தி எழும்பிவிட்டாள். இத்தனை வருடமாகப் பயிற்சி நடத்துகிறேன், சட்டப் பிரிவு ஒன்றைக் கேட்டு யாரும் எழும்பி நான் பார்த்ததில்லை.

சரி, சட்டம் இருக்கிறது, ஆதாரம் வேண்டுமே. ஒரு சீஆர் கொப்பியில் கோடு கீறிக் கொடுத்தேன்: திகதி, கரண்ட் போன நேரம், சிக்னல் போன நேரம், திரும்ப வந்த நேரம். சில கிழமை கழித்துப் போனபோது அவர்களே ஒரு நிரல் கூட்டியிருந்தார்கள். அதன் தலைப்பு 'யானை'. ஒரு வரி இப்படி: 'இரவு 8.10 கரண்ட் இல்லை. 11.40 சிக்னல் இல்லை. 2.00 யானை இரண்டு. விடிய 5 மணிக்குத்தான் கோல் போனது.' கொள்கை ஆய்வுகள் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எழுதியது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு இரண்டு கடிதங்கள் தயாரித்தோம். ஒன்று முறைப்பாடு. மற்றது தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம்: டவருக்கு மாற்று மின்சாரம் வைத்திருப்பது பற்றித் தொலைபேசிக் கம்பனியின் உரிமப் பத்திரத்தில் நிபந்தனை ஏதும் உண்டா என்று. அந்தச் சட்டம் அரச நிறுவனங்கள் போன்ற பகிரங்க அதிகாரசபைகளுக்கானது. அதனால் ஆணைக்குழுவிடம் கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.

வரைவில் நான் 'வனவிலங்கு அச்சுறுத்தல்' என்று எழுதியிருந்தேன். அதை வெட்டி 'யானை' என்று போட்டார்கள். விட்டுவிட்டேன். கையெழுத்து வைக்கிற நேரம் தொடர்பு இலக்கம் எழுதும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சங்கத் தலைவி பேனையை நிறுத்தினார்.

"இரவில எடுத்தா கிடைக்காது எண்டும் பக்கத்தில எழுதுங்க, மிஸ்."

எழுதினேன்.