மொரினியோ ஓடினார், சரி, ஃப்ரீ கிக் அடித்தது யார்?

2004 மார்ச் 9, மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட். தொண்ணூறாவது நிமிடம். போர்த்துகல் கிளப்பான போர்த்தோ ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது. இது இரண்டாவது ஆட்டம், இரண்டையும் கூட்டினால் சமம்தான், ஆனால் எதிரணி மண்ணில் அடித்த கோலுக்கு முன்னுரிமை, எனவே இப்படியே முடிந்தால் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியே. ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. வந்த பந்தைக் கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் தட்டிவிட, அது கோஸ்டின்யாவின் முன்னால் போய் விழ, அவர் வலைக்குள் தள்ளிவிட, கோட்டு போட்ட ஒரு மனிதர் எல்லைக்கோட்டை ஒட்டிக் கையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறார். போர்த்தோ பயிற்சியாளர் மொரினியோவின் அந்த ஓட்டத்தைப் பார்க்காத கால்பந்து ரசிகர் இருக்க மாட்டார். அந்த ஃப்ரீ கிக்கை அடித்தது யார் என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். டெக்கோ என்றார் ஒருவர், இன்னொருவர் மணீஷ் என்றார்.

பென்னி மெக்கார்த்தி. தென்னாப்பிரிக்காக்காரர். இத்தனைக்கும் அதற்கு இரண்டு வாரம் முன்பு போர்த்தோவில் நடந்த முதல் ஆட்டத்தில் யுனைடெட்டை 2-1 என்று தோற்கடித்த இரண்டு கோலும் அவருடையவைதான். முதலில் யுனைடெட்தான் கோல் போட்டது, போட்டவர் குவின்டன் ஃபார்ச்சூன். அவரும் கேப் டவுன்காரர், அவரும் 1977இல் பிறந்தவர். பென்னி முதலில் காலால் சமன் செய்தார், பிறகு 78ஆவது நிமிடத்தில் எம்பி ஒரு தலையடி. அந்தத் தலையடியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர் ஒன்றும் பனைமரம் போன்ற உயரம் கிடையாது, ஆனால் குதித்த நேரம் அப்படி. பந்து மெதுவாக வளைந்து போய் மூலையில் இறங்கும்.

கேப் டவுன் என்றால் நமக்கு மேசை மலையும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். பென்னி வளர்ந்த ஹனோவர் பார்க் அந்தப் படங்களில் இருக்காது. நிறவெறி அரசு நகரத்துக்குள் குடியிருந்த கலப்பின மக்களை அவரவர் வீட்டிலிருந்து கிளப்பி, மணல்வெளியான கேப் ஃப்ளாட்ஸில் கொண்டுபோய்க் கொட்டியதே, அப்படி உருவான குடியிருப்புகளில் ஒன்று. கும்பல் சண்டைக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இன்றுவரை பேர்போன இடம். அங்கிருந்து செவன் ஸ்டார்ஸ் என்ற உள்ளூர் கிளப், பிறகு 1997இல் நேராக அயாக்ஸ் ஆம்ஸ்டர்டாம். முதல் சீசனிலேயே டச்சு லீக், கோப்பை இரண்டும்.

அந்த சீசனின் நடுவில், 1998 பிப்ரவரியில், புர்கினா ஃபாசோவில் ஆப்பிரிக்கக் கோப்பை. நமீபியாவுக்கு எதிராக 13 நிமிடத்துக்குள் நான்கு கோல். எழுத்துப் பிழை இல்லை, நான்கேதான், ஆட்டம் தொடங்கிய எட்டாவது நிமிடத்திலிருந்து இருபத்தொன்றாவது நிமிடத்துக்குள். காலிறுதியில் ஒன்று, அரையிறுதியில் இரண்டு, மொத்தம் ஏழு. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான், வயது 20. ஆனால் இறுதியாட்டத்தில் எகிப்து 2-0 என்று வென்றது, அதிகக் கோல் அடித்தவர் என்ற பெயரையும் எகிப்தின் ஹொசாம் ஹசனோடு பங்குபோட வேண்டியிருந்தது. அதே ஆண்டு பிரான்சில் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகக் கோப்பை. டென்மார்க்குக்கு எதிராகப் பந்தைப் பீட்டர் ஷ்மைக்கேலின் காலிடுக்கில் விட்டு, உலகக் கோப்பையில் தன் நாட்டின் முதல் கோலை அடித்தார். ஷ்மைக்கேல் அப்போது யுனைடெட்டின் கீப்பர் என்பதையும் கவனியுங்கள், இந்தக் கிளப்புக்கும் இவருக்கும் ஏதோ பூர்வஜென்மக் கணக்கு.

அடுத்துப் போனது ஸ்பெயினின் செல்டா வீகோ. அங்கே சரிப்படவில்லை, பெரும்பாலும் பெஞ்சில்தான். 2002 தொடக்கத்தில் போர்த்தோவுக்கு வந்த மொரினியோ இவரைக் கடனாக வாங்கினார், 11 ஆட்டத்தில் 12 கோல். நிரந்தரமாக வாங்கப் போர்த்தோவிடம் அப்போது பணமில்லை, எனவே திரும்பவும் செல்டா. அந்த இடைவெளியில்தான் போர்த்தோ யூயெஃபா கோப்பையை வென்றது. 2003இல் ஒருவழியாக வாங்கினார்கள், வந்த சீசனில் 20 கோலோடு போர்த்துகல் லீக்கில் முதலிடம், கூடவே சாம்பியன்ஸ் லீக் கோப்பை. இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார் என்பது வேறு விஷயம்.

2006இல் பிளாக்பர்ன். இங்கிலாந்தில் முதல் ஆண்டிலேயே 18 லீக் கோல். அந்த ஆண்டு அவரை முந்தியவர் ஒரே ஒருவர், செல்சியின் ட்ரோக்பா, 20. ட்ரோக்பா அடித்த கோல்களை இன்றைய பிள்ளைகள்கூட வரிசையாக ஒப்பிப்பார்கள், பென்னியின் 18 யாருக்கும் ஞாபகமில்லை.

2010தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆப்பிரிக்க மண்ணில் முதல் உலகக் கோப்பை, அதுவும் அவர் நாட்டில், தேசிய அணியின் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவர் அவர். பயிற்சியாளர் பரேரா இறுதிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. நியாயமாகச் சொன்னால் காரணம் இருந்தது. ஜனவரியில் இன்னொரு இங்கிலாந்து கிளப்பான வெஸ்ட் ஹாம் போனவர், போன வேகத்தில் முழங்காலில் அடிபட்டார், உடம்பும் கனத்திருந்தது. தேசிய அணியோடு அவருக்கு எப்போதுமே ஓர் ஊடல், விலகுவார், திரும்புவார், ரசிகர்கள் திட்டுவார்கள், அப்புறம் கோல் போட்டால் கொண்டாடுவார்கள். எல்லாம் சரி. ஆனாலும் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிவிடவாவது அவரை வைத்திருக்கலாம் என்பதே என் கட்சி. மூன்று ஆட்டத்தில் மூன்றே கோல் போட்டு, முதல் சுற்றிலேயே வெளியேறிய முதல் போட்டி நடத்தும் நாடானது தென்னாப்பிரிக்கா.

வெஸ்ட் ஹாமில் கடைசிவரை ஒரு கோல்கூட இல்லை. எடையைப் பற்றிய கிண்டல்தான் செய்தியானது, 2011இல் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். அத்தோடு ஆள் முடிந்தார் என்றுதான் நானும் நினைத்தேன். ஊர் திரும்பி ஆர்லாண்டோ பைரேட்ஸில் சேர்ந்து, அதே சீசனில் லீக் உட்பட மூன்று கோப்பை. அவசரப்பட்டுவிட்டேன்.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளர். தென்னாப்பிரிக்கக் கிளப்களான கேப் டவுன் சிட்டிக்கு ஒரு கோப்பை, அமாசுலுவுக்கு லீக்கில் இரண்டாமிடம். 2022இல் மான்செஸ்டர் யுனைடெட்டே அவரைக் கூப்பிட்டு, முன்கள ஆட்டக்காரர்களுக்குக் கோல் அடிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று வேலை கொடுத்தது. இரண்டு ஆண்டு இருந்தார். 2025 மார்ச்சில் கென்யா தேசிய அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த ஆகஸ்டில் சொந்த மண்ணில் நடந்த சான் போட்டியில் (உள்நாட்டு லீக்குகளில் ஆடுபவர்களுக்கு மட்டுமான ஆப்பிரிக்கக் கோப்பை) கென்யா மொராக்கோவையே 1-0 என்று வீழ்த்தி, காலிறுதியில் மடகாஸ்கரிடம் பெனால்டியில் தோற்றது.