ஓரியூருக்கு அத்தையோடு

அத்தைக்கு நேர்ச்சை ஒன்றும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தரின் கோயில் இருக்கிற ஓரியூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது நேர்ந்துகொண்டுதான் போவார்கள். பிள்ளைக்கு மொட்டை, காது குத்து, கிடா என்று ஏதாவது ஒன்று. அத்தை கேட்டதோ வேறு: "அங்க நம்மளத் தெரிஞ்ச சாமியாரு யாரும் இருக்க மாட்டாருல்ல?"

இருக்க மாட்டார் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

தங்கச்சிமடத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினோம். பிப்ரவரிப் பெருவிழா முடிந்து பத்து நாள் ஆகியிருந்ததால் கூட்டம் குறைந்திருக்கும் என்று கணக்கு. பாம்பன் பாலத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் சன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார். கடலைத் தாண்டும்போதெல்லாம் போடுவார். ராமநாதபுரத்தில் வண்டி மாறி, தேவிபட்டினம், உப்பூர், தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் வழி. ஒரு பக்கம் அவ்வப்போது கடல் தலைகாட்டும். மறுபக்கம் கண்மாயும் சீமைக் கருவேலமும் பனையும். அத்தையின் பையில் இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு இருந்தது. பஸ் முழுக்க மணம். கண்டக்டர் மூக்கைச் சுளித்தபோது, "ஏன்யா, ஒங்க வீட்ல கருவாடு திங்கிறதில்லையா?" என்றார். தொண்டியில் ஒரு கடைக்காரர் வந்து நின்று சன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தார். அத்தை எண்ணிப் பார்த்துச் சுருக்குப்பையில் முடிந்த பிறகுதான் ஜெபமாலையை எடுத்தார். யாத்திரை, வியாபாரம் இரண்டும் அவருக்கு ஒரே பயணத்தில் முடிந்தாக வேண்டும்.

அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. பத்தொன்பதில் கோயிலில் வைத்துக் கல்யாணம். நாலே வருஷத்தில் மாமா வேறொரு பெண்ணோடு கேரளாப் பக்கம் போனார், திரும்பவில்லை. ஆறு வருஷம் தனியாகக் கருவாடு காயப்போட்டு விற்றுக்கொண்டிருந்தவர், சரக்கு எடுக்க வந்த ஒருவரோடு சேர்ந்து வாழ ஆரம்பித்தார். கோயிலில் தாலி கட்டிய புருஷன் எங்கோ உயிரோடு இருக்க, இரண்டாவது கல்யாணம் திருச்சபையில் நடக்காது. அப்போது இருந்த பங்குச் சாமியார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: பூசைக்கு வரலாம், நன்மை (பூசையில் தருகிற நற்கருணை அப்பம்) வாங்க வரக்கூடாது.

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம் அத்தை கடைசி பெஞ்சு. எல்லோரும் நன்மை வாங்க எழுந்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் இருக்கிற யாருடைய பிள்ளையையாவது தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். பிள்ளை அழுகிறதாம். சின்ன வயதில் அப்படி அவர் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. நான் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அத்தை பிறகு சேர்ந்து வாழ்ந்த அந்த மாமா (இவரைத்தான் நான் மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தேன்) இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோனார். திருச்சபைச் சட்டப்படி பார்த்தால் இப்போது தடை இல்லை. பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்துவிட்டு நன்மை வாங்கலாம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள் என்பதால் நான்தான் போய் இதை விளக்கினேன். அத்தை மீனைப் பிரித்துப் பரப்பிக்கொண்டே கேட்டார், பதில் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "அந்த மனுசனோட இருந்ததப் பாவம்னு சொன்னாத்தானே மன்னிப்பு? குடிச்சதில்ல, கை நீட்டுனதில்ல. எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுத்தாரு. அத எப்பிடித்தா பாவம்னு சொல்லுவேன்?"

என்னிடம் பதில் இல்லை. அதற்கு அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

வாசித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டவை இரண்டும் அடிக்குறிப்புகள். முதலாவது, திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் 1980 நவம்பரில் கடவுளின் இரக்கத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் வருகிறது. பழைய ஏற்பாட்டில் இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொற்களை அதில் பிரித்துக் காட்டுகிறார். 'ஹெசெத்' என்பது கொடுத்த வாக்குக்கு உண்மையாக நிற்கும் அன்பு. எதிராளி வாக்கை மீறினாலும் இவர் மீற மாட்டார். 'ரஹமீம்' என்பது 'ரெஹெம்' என்ற சொல்லில் பிறந்தது, அதாவது கருப்பை. பெற்றவளுக்குப் பிள்ளை மேல் வருகிறதே, தகுதி பார்க்காத, கேட்காமலே பொங்குகிற ஒன்று, அது. இதை அத்தையிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பெத்த வயிறுன்னு சும்மாவா சொல்றாக?" என்றார். நமக்கு வயிறு எரியும், வயிறு குளிரும், அடிவயிற்றைப் பிசையும். கருணை இருக்கிற இடம் வயிறுதான் என்று தமிழச்சிக்கு யாரும் எபிரேயம் சொல்லித்தர வேண்டியதில்லை போலிருக்கிறது.

இரண்டாவது அடிக்குறிப்புக்கு எண்ணே பிரபலம்: 351. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற குடும்பம் பற்றிய ஏட்டின் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. முறைப்படி இல்லாத உறவில் இருக்கிறவர்கள் எல்லோரும் சாவான பாவத்தில் கிடக்கிறார்கள் என்று இனி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்கிறது அந்த அதிகாரம். ஒவ்வொருவர் கதையும் வேறு, உடன் நடந்து, கேட்டு, பகுத்துப் பார்க்க வேண்டும். அடிக்குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சில நேரங்களில் பாவசங்கீர்த்தனம், நற்கருணை போன்ற அருளடையாளங்களின் உதவியும் அவர்களுக்குக் கிடைக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக்கூடம் ஆகிவிடக் கூடாது. நற்கருணை நிறைவானவர்களுக்குத் தருகிற பரிசு இல்லை, பலவீனர்களுக்கு மருந்தும் உணவும்.

இந்தச் சில வரிகளுக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. அந்த வருஷமே நான்கு கர்தினால்கள் சந்தேகங்களை எழுதி விளக்கம் கேட்டார்கள், பிறகு அதைப் பகிரங்கமாகவும் ஆக்கினார்கள். மணவாழ்வு முறிக்க முடியாதது என்ற போதனை மாறவில்லை என்பதும் உண்மை. ஆனால் சாமியார் முதலில் காதைத் திறக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இது அதிகம் என்பவர்களும் உண்டு, போதாது என்பவர்களும் உண்டு. கடைசி பெஞ்சை மடியில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் நான் இரண்டாவது கட்சி.

பிரான்சிஸை அத்தைக்குப் பிடித்துப்போனது இந்த ஏட்டால் இல்லை. 2013 ஜூலையில் அவர் ரோமைவிட்டு முதல்முதலாகப் போன ஊர் லாம்பெதூசா என்ற தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து படகில் தப்பி வந்து கடலில் செத்தவர்களுக்காகக் கடலில் மலர் வளையம் விட்டுப் பூசை வைத்தார். அந்த வீடியோவைச் சில வருஷம் கழித்து அத்தைக்குக் கைபேசியில் காட்டினேன். படகையே பீடமாக்கியிருந்தார்கள். கையிலிருந்த பூசைக் கிண்ணத்தைக்கூட உடைந்த படகின் மரத்தில்தான் செய்திருந்தார்கள். அத்தை கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "வள்ளத்துலயா பூச வைக்கிறாரு?" இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வீடுகளுக்கு யாரும் மலர் வளையம் கொண்டுவந்ததில்லை.

சரி, ஓரியூருக்கு வருவோம். எஸ்.பி. பட்டினத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கடலை விட்டு உள்ளே போகப் போக உப்புக் காற்று குறைந்து வெயில் ஏறியது. பாம்பாற்றில் தண்ணீர் இல்லை. கோயில் வாசலில் ஒரு குழந்தைக்கு மொட்டை போட்டு முடித்துத் தலையில் சந்தனம் அப்பிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிய குடும்பம். இங்கே அது ஒன்றும் அதிசயம் இல்லை. அருளானந்தர் அவர்களுக்கும் சாமிதான். ஒரு ஓரத்தில் மரத்தடியில் கிடா கட்டிக் கிடந்தது. அதற்கு நிலைமை புரிந்த மாதிரித் தெரியவில்லை.

லிஸ்பனில் 1647இல் பிறந்த யோவான் தெ பிரித்தோ இங்கே அருளானந்தர் ஆனார். பண்டாரச் சாமி உடை, மரக்கறி உணவு, கால்நடைப் பயணம். மறவர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று ஒருமுறை விரட்டியும் திரும்பி வந்தார். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலம். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயிலிருந்து குணமாகித் திருமுழுக்குக் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டால் தருகிறேன் என்றார் சாமியார். தேவர் ஒத்துக்கொண்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கடலாயி, சேதுபதிக்கு உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி இந்த ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. 1947இல் பன்னிரண்டாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

அவர் ரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று நம்பப்படும் மணலை அள்ளி அத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பொடிமண். கைரேகைக்குள் புகுந்து சிவப்புக் கோடு போட்டது. பெண்கள் தாளில் மடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எனக்கு நினைப்பு முழுக்க கடலாயியிடம் போயிருந்தது.

எந்தப் பிரசங்கத்திலும் கடலாயி கெட்டவள். நாடகம் போட்டால் கண் மையை இழுத்துவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு நிற்பாள். நானே மறைக்கல்வி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் செய்தது ஓர் உயிரைக் கேட்டது, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு நாள் காலையில் இரண்டு ஆண்கள் பேசி முடிவெடுத்து, உன் இடம் இனி இங்கே இல்லை என்று ஒருத்திக்குச் சொல்லி அனுப்பினால் அவளுக்கு என்ன ஆகும்? அவள் தப்பு என்ன, பல பேரில் முதல் மனைவியாக இல்லாதது. இரக்கத்துக்கென்று திருச்சபை ஒதுக்கிய யூபிலி ஆண்டை 2016 நவம்பரில் முடித்துவைத்து எழுதிய மடலுக்குப் பிரான்சிஸ், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு காப்பாற்றிய நற்செய்திக் கதையைத்தான் எடுத்தார். கல்லோடு வந்த ஆண்கள் எல்லோரும் போன பிறகு இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள், பரிதாபத்துக்குரியவளும் இரக்கமும், என்று அந்த இடத்துக்குப் புனித அகுஸ்தினார் எழுதிய வரியிலிருந்து மடலின் தலைப்பு. கடலாயிக்கு அப்படி ஒரு ஆள் கடைசிவரை மிஞ்சவில்லை. புனிதரின் காலடியில் நின்று இப்படி யோசிக்கலாமா என்று கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சாவை எதிர்பார்த்தே இந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவர், இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிழலில் உட்கார்ந்து அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கதையை இப்படிக் கேட்டது அவருக்கும் முதல்முறை. அவருக்குப் பிடித்த இன்னொரு கதையையும் சொல்லச் சொன்னார். பிரான்சிஸ் திருத்தந்தையாகி நான்கே நாளில், முதல் மூவேளை செப உரையில் சொன்னது. அவர் ஆயராக இருந்தபோது எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தாராம். ஆண்டவர் மன்னிக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று இவர் சீண்டியிருக்கிறார். ஆண்டவர் எல்லாவற்றையும் மன்னிக்கிறார் என்றிருக்கிறார் பாட்டி. எப்படித் தெரியும் என்று கேட்டால், மன்னிக்காவிட்டால் இந்த உலகமே இருக்காதே என்றாராம். நீங்கள் ரோமில் இறையியல் படித்தவரா என்று கேட்கத் தோன்றியதாம் இவருக்கு.

"அந்தக் கெழவி என்ன பாவம் பண்ணிருப்பா?" என்றார் அத்தை. அப்புறம் எழுந்தார். கோயிலுக்குள் பக்கவாட்டில் வயதான சாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காகக் கழுத்தில் ஸ்டோல் துண்டு போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஆள் இல்லை.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாரேன். நீ இங்கனயே இரு."

ஒரு கேள்விக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. தூரத்திலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் முதுகும் முக்காடும், சாமியாரின் குனிந்த தலையும். பாதிக்கு மேல் அத்தைதான் பேசினார், கையை ஆட்டி, கடையில் விலை பேசுகிற மாதிரி. ஒரு தடவை சாமியார் சிரித்தார். கடைசியில் கை உயர்த்தி எதையோ செபித்தார். அது பாவமன்னிப்பா வெறும் ஆசீரா என்று அங்கிருந்து தெரியவில்லை. கேட்கவும் கூடாது, கேட்கவும் இல்லை.

வெளியே வந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடிப்பமா?" என்றார்.

கோயிலை ஒட்டிய கடையில் இரண்டு டீ, ஆளுக்கொரு வடை. மொட்டைக் குழந்தை கடை வாசலில் சந்தனத் தலையைத் தடவித் தடவி விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை அதைக் கூப்பிட்டுத் தன் வடையில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். குழந்தை வாங்கிக்கொண்டு ஓடியது. டீயை ஆற்றியபடி அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்பு இன்னும் கைரேகையில் இருந்தது.

"ஏத்தா," என்றார், "அந்தக் கடலாயிக்குப் புள்ள குட்டி இருந்துச்சா?"