கம்பளையில் எந்தத் தெரு?

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குத் தாமதமாக வருகிறவர் இரண்டு கையையும் கூப்பி, தலையை லேசாகச் சாய்த்து, "தவுசண்ட் அபாலஜீஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் இலை முன்னால் உட்கார வேண்டும். இது நாற்பது வருஷச் சட்டம். முதல் தடவை இதைக் கேட்ட அப்பத்தா, கையில் கரண்டியோடு நின்று, "யாருக்குடா ஆயிரம் அப்பளம்?" என்று கேட்டாள். அப்பத்தாவுக்கு இங்கிலீஷில் தொகை மட்டும் தெரியும், செட்டியார் வீட்டு மனுஷி இல்லையா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மன்னிப்புக்குப் பெயர் அப்பளம். "அப்பளம் சொல்லிட்டு உக்காரு" என்று என் பிள்ளைகளிடம் நான் இப்போதும் சொல்கிறேன், ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கும்பிடு ஆல்பர்ட் மோசஸ் என்ற நடிகருடையது. 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் ரஞ்சித் சிங்காக வந்தாரே, தலைப்பாகையும் தாடியுமாக, அவர். 2017 செப்டம்பரில் லண்டனில் இறந்துபோனார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், எழுதவில்லை. தவுசண்ட் அபாலஜீஸ்.

இதைச் சொல்வதற்கு முன் ஆண்டெனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் தேவகோட்டையில் டிவி வாங்கியவர்கள் பாதிப் பேர் தூர்தர்ஷனை நம்பி வாங்கவில்லை, இலங்கையின் ரூபவாகினியை நம்பித்தான் வாங்கினார்கள். மொட்டை மாடியில் இரண்டு இரும்புக் குழாயை ஒன்றின்மேல் ஒன்றாக இணைத்து, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆண்டெனா, அதற்கு ஒரு பூஸ்டர். காற்றடித்தால் அண்ணன் மேலே ஏறித் திருப்புவான். நான் வளவில் நின்று கத்துவேன், பட்டாலையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பச்சி, அதாவது அப்பா, என்னிடம் சொல்வதை நான் அண்ணனிடம் சொல்ல வேண்டும். "தெரியுதா?" "புள்ளிதான் தெரியுது!" "இப்ப?" "இப்ப ஆள் தெரியுது, முகம் தெரியல!" இப்படியே பாதி நிகழ்ச்சி போய்விடும். புழுக்கமான ராத்திரிகளில் மட்டும் கடல் தாண்டிப் படம் கண்ணாடி மாதிரி வரும், அதற்காகவே வெயில் காலம் பிடிக்கும்.

ஐயா, அப்பச்சியின் அப்பா, டிவியில் பார்த்தது சிங்களச் செய்தி மட்டும்தான். சின்ன வயதில் இலங்கைக்குக் கொண்டுவிக்கப் போனவர், கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகப் போய், அடுத்தாள் என்கிற உதவிக் கணக்கராகி, மூன்று மூன்று வருஷக் கணக்காகப் பல கணக்கு முடித்து, கடைசியில் அங்கே எல்லாம் இறுகிப்போன பிறகு இரண்டு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தச் செய்தியை அவர் கேட்கிற விதமே மாறிவிட்டது, யாரும் பக்கத்தில் பேசக்கூடாது. செய்தி முடிந்தால் எழுந்து முகப்புக்குப் போய்விடுவார். ஆனால் இந்த ஒரு இங்கிலீஷ் தொடருக்கு மட்டும் உட்கார்ந்திருந்தார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. லண்டனில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ராத்திரிப் பள்ளிக்கூடம், பிரவுன் என்று ஒரு நல்ல வாத்தியார், வகுப்பில் இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின், ஜப்பான், சீனா, பாகிஸ்தான் என்று ஆளுக்கொரு நாடு. எல்லாருக்கும் இங்கிலீஷ் வராது. அவ்வளவுதான். முதல் பகுதி 1977 டிசம்பரில் ஒளிபரப்பானது. மூன்று வரிசையாக 29 பகுதி எடுத்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்களைக் கேலி செய்கிறது என்று சொல்லி தொடரை எடுத்த டிவி நிறுவனமே நிறுத்திவிட்டது. குற்றச்சாட்டு பொய் என்று சொல்லமாட்டேன். இப்போது பார்த்தால் சில இடங்களில் எனக்கே கூசுகிறது, அதுவும் அந்த ஜப்பான்காரரை அவர்கள் படுத்துகிற பாடு. ஆனால் நாங்கள் பார்த்த நாளில் யாரும் யாரையும் கேலி செய்வதாகத் தோன்றவில்லை. மறுநாள் காலை இங்கிலீஷ் பீரியடில் 'வாஸ்' வருமா 'வேர்' வருமா என்று வியர்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த வகுப்பில் என் பெஞ்சுதான் காலியாக இருப்பதாகத் தோன்றியது.

ரஞ்சித் சிங்குக்கு வசனம் குறைவு. வாத்தியார் திருத்துவார், இவர் எழுந்து நின்று கை கூப்பி மன்னிப்புக் கேட்பார், உட்காருவார், உட்கார்ந்த கையோடு பக்கத்தில் இருக்கும் பாகிஸ்தான்காரர் அலியை முறைப்பார். எனக்குப் பிடித்தது அந்த முறைப்புதான். மன்னிப்பில் இருக்கிற பணிவு முழுக்க ஒரு நொடியில் காணாமல் போய், ஆள் ராஜா மாதிரி ஆகிவிடுவார். மற்றவர்கள் சிரிப்பு வரவழைக்கக் குரலை உயர்த்துவார்கள், கையைக் காலை ஆட்டுவார்கள். இவர் குறைத்துக்கொண்டே போவார். ஐயா அசையாமல் பார்ப்பார், இவர் கும்பிடும்போது மட்டும் மூக்கால் ஒரு சத்தம் வரும். ஐயாவைப் பொறுத்தவரை அது சிரிப்பு. "துரைக்கு முன்னாடி இப்படித்தான் நிக்கணும்" என்று ஒருநாள் சொன்னார். தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களிடம் கணக்கு வழக்கு வைத்திருந்தவர், எத்தனை தடவை அப்படி நின்றாரோ.

நான் அந்த மனிதரை அசல் பஞ்சாபி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அவர் செத்த செய்தியைப் படித்தபோதுதான் தெரிந்தது, ஆல்பர்ட் மோசஸ் பிறந்தது 1937-ல், இலங்கையில், கம்பளையில்.

கம்பளை! ஐயாவின் தகரப் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும் ஊர். கண்டியிலிருந்து நுவரெலியா போகிற வழியில், மகாவலி ஆற்றங்கரையில். ஐயா வேலை பார்த்த கிட்டங்கி, செட்டியார்களின் கடைக் கட்டடம், அங்கேதான் இருந்தது. இன்னொன்றும் தோன்றியது. ரூபவாகினியின் பெரிய கோபுரம் பிதுருதலாகலை மலையில் இருக்கிறது, 2,524 மீட்டர், இலங்கையிலேயே உயரமான மலை, நுவரெலியாவுக்குப் பக்கத்தில். இவர் ஊரிலிருந்து மேலே ஏறிப் போனால் வருகிற மலை அது. கடல் தாண்டி எங்கள் மாடிக் குழாய்க்கு வந்த படம் எந்தக் கோபுரம் வழியாக வந்ததென்று நான் அளந்து பார்த்ததில்லை. ஆனால் அந்த மலையை நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆல்பர்ட் மோசஸ் கம்பளையை விட்டு இந்தியா வந்து பம்பாய்ப் படங்களில் வேலை பார்த்திருக்கிறார், அப்புறம் ஆப்பிரிக்கா, எழுபதுகளில் இங்கிலாந்து. இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படம். 1977-ல் வந்ததில் எகிப்து மதுக்கடைக்காரர், 1983-ல் வந்த 'ஆக்டோபஸி'யில் சத்ருதீன், அதே படத்தில் நம் விஜய் அமிர்தராஜும் இருக்கிறார். சின்னச் சின்ன வேஷம்தான் கடைசிவரை. கொஞ்சம் தோண்டினால் அந்த வகுப்பில் பலபேர் இப்படித்தான். பாகிஸ்தான்காரர் அலியாக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர், 1984-லேயே போய்விட்டார். சீனப் பெண்ணாக வந்த பிக் சென் லிம் பினாங்கு. பினாங்கு என்றால் எங்கள் பெரிய ஐயா கொண்டுவிக்கப் போன ஊர்! எங்கள் குடும்பம் கடை போட்ட ஊர்களிலிருந்தே ஆள் எடுத்த மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் தெரிவதற்கு ஐயா இல்லை. தெரிந்திருந்தால் அந்த மூக்குச் சத்தத்தோடு நிறுத்தியிருப்பாரா என்று தெரியவில்லை.

அப்பச்சி இருந்தார். அவருக்கும் அந்த நடிகருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பத்து வயதில் ஒரு தடவை, சில மாதம், ஐயாவோடு கம்பளையில் இருந்திருக்கிறார். போனில் படத்தைக் காட்டி, "அப்பச்சி, அப்பளக்காரர் செத்துப்போயிட்டாராம், அவர் கம்பளையாம்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இறந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கம்பளையில எந்தத் தெரு?"

தெரியவில்லை என்றேன். தெருவெல்லாம் யாரும் எழுதவில்லை. அதற்குள் அவர் அங்கே போய்விட்டார். கிட்டங்கி வாசல், எந்நேரமும் மழை, சாயங்காலம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாண், அதாவது ரொட்டி, வாங்க ஓடினது, பாண் கடையில் வரிசையில் நின்ற பையன்கள். எல்லாம் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"பாண் கடைப் பக்கமா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."